புழு வளரும் இடம்: காண்டாமிருக வண்டும் சாண வண்டும், ஒரு நிகழ்வு ஆய்வு

1909-இல் இலங்கையிலிருந்து சமோவா தீவுக்கு ரப்பர் நாற்றுகள் கப்பலில் போயின. நாற்றோடு நாற்றாக ஒரு வண்டும் போய்ச் சேர்ந்தது. 1968-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், டவுன்ஸ்வில் பக்கம், இன்னொரு வண்டை அரசு ஆய்வாளர்களே எடுத்துப் போய் மாட்டுச் சாணத்தின் மேல் விட்டார்கள். முதலாவது, பசிபிக் தீவுகளின் தென்னையை நாசம் செய்தது. நூறு வருடம் தாண்டியும் அந்தப் பிரச்சினை ஓயவில்லை. இரண்டாவது, மேய்ச்சல் நிலத்தின் சாணத்தை இன்றும் மண்ணுக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டும் ஸ்காரபெய்டே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஆணின் தலையில் கொம்பு எடுப்பாக இருக்கும். இரண்டும் பொழுது சாய்ந்த பிறகு பறப்பவை, விளக்கைத் தேடி வருபவை. அப்படியிருந்தும் ஒன்று பகையானது, ஒன்று துணையானது. ஒன்று தென்னை தின்கிறது, மற்றது சாணி தின்கிறது, அவ்வளவுதானே என்று முடித்துவிடலாம். பல வருடம் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள். வளர்ந்த வண்டின் வாயை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவு அது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், விஷயம் புழு வளரும் இடத்தில் இருக்கிறது என்பது தெரிகிறது. அதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

தென்னையின் உச்சியில்

ஓரிக்டிஸ் ரைனோசெரஸ் என்பது காண்டாமிருக வண்டின் அறிவியல் பெயர். தெற்காசியாவும் தென்கிழக்கு ஆசியாவும் அதன் சொந்த மண். 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை நீளம், கருப்பும் கரும்பழுப்புமாக மினுங்கும் முதுகு. கொம்பை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று சொன்னால் தவறிப்போகும், பெண்ணுக்கும் சின்னக் கொம்பு உண்டு. வயிற்றின் பின்நுனியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். செம்பட்டை மயிர் அடர்ந்திருந்தால் அது பெண்.

இரவில் பறந்து வந்து மட்டை இடுக்கில் இறங்கும். அங்கிருந்து உள்ளே துளைத்துக்கொண்டு போகும். அது தேடுவது விரியாத குருத்தை. நாரை மெல்லும், ஆனால் விழுங்காது. சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைப் பின்பக்கம் தள்ளும். துளை வாயில் ஈரமான நார்ச்சக்கை துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

குருத்துக்குள் ஓலை விசிறி போல மடிந்து கிடக்கிறது. அதனால் ஒரே துளை பல கீற்றுகளைக் குறுக்கே அறுத்துவிடுகிறது. பிறகு அந்த ஓலை மேலேறி விரியும்போது, காகிதத்தை மடித்துக் கத்தரியால் வெட்டிப் பிரித்தது போல, நடு நரம்பின் இரண்டு பக்கமும் முக்கோண வெட்டுகள் தெரியும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும், சந்தேகத்துக்கு இடமில்லாத அடையாளம் இது. ஆனால் அது பழைய செய்தி. வெட்டு கண்ணில் படும் நாளில் வெட்டிய வண்டு வேறெங்கோ போயிருக்கும். தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலை விடுவதால், குருத்திலிருந்து வெட்டுப்பட்ட ஓலை வரை எண்ணிப் பார்த்தால் தாக்குதல் எப்போது நடந்தது என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். நோயாளியின் பழைய சீட்டைப் படிப்பது போன்ற வேலை.

தென்னைக்குக் கிளை கிடையாது. வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், அது குருத்தின் அடியில் இருக்கிறது. வண்டு அதை எட்டிவிட்டால் மரம் பட்டுப்போகும். எட்டாவிட்டாலும் துளை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு நுழைய இடம் கிடைக்கிறது. அது தண்டுக்குள்ளேயே முட்டையிட்டு மரத்தை உள்ளிருந்து தின்றுவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் வளர்ந்த வண்டின் கதை. இதன் புழு உயிருள்ள தென்னையைத் தின்பதில்லை. அதன் வீடு அழுகிய தண்டு, மக்கிய எருக்குழி, மரத்தூள் குவியல், உரக்கும்பல். அழுகிய தென்னந்தண்டு ஒன்றைக் கடப்பாரையால் பிளந்து பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. வெளித்தோடு மட்டும் கெட்டியாக நின்றது. உள்ளே ஈரத் தேயிலைத்தூள் போன்ற பழுப்புப் பொடி, அதில் கடுகைவிடப் பெரிதான, தட்டையான கழிவுத் துணுக்குகள். கையை விட்டால் குளிர்ச்சி. பொடியை விலக்கியதும் பிறை போல வளைந்த வெள்ளைப் புழு, விரல் பருமன். தலை மட்டும் பழுப்பாகக் கெட்டியாக இருந்தது. உடலின் பின்பாதி நீலச்சாம்பல் நிறம். தோல் வழியாகத் தெரிவது அதன் குடலில் நிறைந்திருக்கும் மரப்பொடி. அந்தப் பின்குடல் ஒரு நொதிக்கலம். அதில் வாழும் பாக்டீரியாக்கள் மரநாரைச் சிதைத்துத் தர, புழு அதில் பிழைக்கிறது.

தாய் வண்டு அந்தப் பொடியில் முட்டைகளை ஆங்காங்கே இட்டுவிட்டுப் போய்விடும். பெண் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 முட்டைகள், சில வேளை அதற்கு மேல். முட்டை பொரிய ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம். புழு மூன்று பருவம் கடக்கப் பல மாதங்கள். பிறகு கூட்டுப்புழு, பிறகு வண்டு. அந்த வண்டு மீண்டும் உச்சிக்குப் பறக்கிறது.

ஆக, இதற்கு இரண்டு முகவரிகள் உண்டு. தின்பது மேலே, பிறப்பது கீழே. நடுவில் ஓர் இணைப்பும் இருக்கிறது: மேலே வண்டு கொன்ற மரம் சாய்ந்து அழுகினால் கீழே அடுத்த தலைமுறைக்குத் தொட்டில் ஆகிறது. தன் தொட்டிலைத் தானே செய்துகொள்ளும் பூச்சி. இதைப் புரிந்துகொள்ளாமல் உச்சியில் மட்டும் மருந்து வைத்தால் எத்தனை வருடம் வைத்தாலும் வண்டு வந்துகொண்டே இருக்கும்.

சாணத்தின் அடியில்

டிஜிடோன்தோஃபாகஸ் கஸெல்லா ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சாண வண்டு. ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும் உடல், பழுப்புச் சிறகுறை, தோண்டுவதற்கென்றே அகன்று பல்வைத்த முன்கால்கள். ஆணுக்குத் தலையில் இரண்டு குட்டிக் கொம்புகள். சாண வண்டு என்றதும் நம் மனதில் வருவது பின்காலால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டுதான். இது அந்த வகை இல்லை. சாணத்துக்கு நேர் கீழேயே சுரங்கம் தோண்டிச் சாணத்தை உள்ளே இறக்கும் வகை.

வளர்ந்த வண்டு சாணத்தைத் தின்கிறது என்று சொல்வதைவிடக் குடிக்கிறது என்பதே சரி. அதன் தாடைகள் மென்மையானவை, ஓரத்தில் மயிர் வைத்தவை. சாணத்தில் உள்ள கரடுமுரடான நாரை ஒதுக்கி, நுண்ணுயிர் நிறைந்த மிக நுண்ணிய துகளையும் சாற்றையும் மட்டும் வடிகட்டி எடுக்கும். இந்த வாயால் ஒரு பச்சை இலையைக் கூடக் கடிக்க முடியாது.

நார் யாருக்கு? புழுவுக்கு. பெண் சுரங்கத்தின் அடியில் சாணத்தைக் கெட்டியாக அடைத்து ஓர் உருண்டை செய்கிறது, அதில் ஒரே ஒரு முட்டை இட்டு மூடுகிறது. அப்புறம் அடுத்த உருண்டை. பொரியும் புழுவுக்கு உண்மையான கெட்டித் தாடை உண்டு. அது உருண்டையின் உட்சுவரைக் கரண்டித் தின்று, தன் கழிவையே சுவரில் பூசி, அதையும் திரும்பத் தின்று வளர்கிறது. வெளியே வருவதே இல்லை. வெயில் காலத்து மண்ணில் முட்டையிலிருந்து வண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும்.

இப்படி வேலை நடந்த சாணத்தை ஒரு குச்சியால் புரட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றுமிருக்காது. தொட்டால் பொரித்த அப்பளம் போல நொறுங்கும். அடியில் விரல்நுனி நுழையும் அளவுக்குத் துளைகள், பக்கத்தில் கீழிருந்து தள்ளிய புதுமண் குவியல். மண்ணைச் சீவினால் ஒரு சாண் ஆழத்திலோ இன்னும் கொஞ்சம் கீழேயோ கட்டைவிரல் பருமனுக்கு உருண்டைகள் வரிசையாக இருக்கும். ஒன்றை உடைத்தால் உள்ளே வெள்ளைப் புழு, முதுகில் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும். தென்னந்தண்டில் பார்த்த அதே பிறை வளைவு, சின்ன அளவில். குடும்ப ஒற்றுமை புழுவில்தான் நன்றாகத் தெரிகிறது.

ஒரே சாணம், வேறு வயது

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஒப்பீட்டின் கரு எனக்கு இதுதான். காண்டாமிருக வண்டின் புழுவும் எருக்குழியில் வளர்கிறது என்று மேலே சொன்னேன். எருக்குழியில் இருப்பதும் மாட்டுச் சாணம்தானே? அப்படியானால் இரண்டு வண்டுக்கும் ஒரே உணவு என்றாகிறது. இல்லை. கஸெல்லாவுக்கு வேண்டியது அன்றைக்கு விழுந்த சாணம். ஓரிரு நாளில் காய்ந்து தோல் தட்டினால் அதற்குப் பயனில்லை. காண்டாமிருகப் புழுவுக்கு வேண்டியது குவித்துப்போட்டு மாதக்கணக்கில் மக்கிய சாணம். முன்னது பரப்பில் சிதறிக் கிடக்க வேண்டும், பின்னது ஓரிடத்தில் குவிந்து கிடக்க வேண்டும். பொருள் ஒன்று, காலமும் வடிவமும் வேறு.

வாழிடம் என்பதை வரைபடத்தில் ஓர் இடமாக மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு பிடிபடாது. பூச்சிக்கு வாழிடம் என்பது இடமும் நேரமும் சேர்ந்தது. புது சாணத்துக்கான போட்டி மணிக்கணக்கில் நடக்கிறது: ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் அது பொரிந்துவிடும், அதற்குள் வண்டு வந்தாக வேண்டும். அழுகிய தண்டில் அந்த அவசரம் கிடையாது. அதனால்தான் ஒன்று ஒரு மாதத்தில் தலைமுறை முடிக்கிறது, மற்றது அரை வருடத்துக்கும் மேல் சாவகாசமாக வளர்கிறது.

நடந்தது என்ன: பசிபிக்

1909-இல் சமோவா ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. கொப்பரைதான் அங்கே வருமானம். வண்டு பரவியதும் மக்கள் வண்டையும் புழுவையும் பொறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். அதனால் வண்டு ஒழியவில்லை. 1921-இல் டோங்காவின் நியுவாடொபுடாபு தீவுக்கும் போனது. அங்கே மட்டும் கதை வேறு மாதிரி முடிந்தது. சின்னத் தீவு, அழுகிய மரம், குப்பை என்று புழு வளரக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் தேடி அழித்தார்கள். 1930-க்குள் வண்டு அங்கே அறவே இல்லை. உச்சியில் இருக்கும் வண்டைத் துரத்தாமல் கீழே இருக்கும் தொட்டிலை எடுத்ததால் கிடைத்த வெற்றி இது. ஆனால் பெரிய தீவில் ஒவ்வொரு மரக்கட்டையையும் தேட ஆள் ஏது?

1942-இல் பலாவு தீவுக்கூட்டத்தில் நுழைந்த வண்டு பத்தே வருடத்தில் அங்கிருந்த தென்னையில் ஏறக்குறையப் பாதியைக் கொன்றது. 1953-இல் பிஜி. நிலைமை கைமீறிப் போய்க்கொண்டிருந்தபோது, 1963-இல் மலேசியாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், நோயுற்ற புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். இன்று ஓரிக்டிஸ் நூடிவைரஸ் என்று அழைக்கப்படுவது அது. 1967-இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். வண்டின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது, பிறகு பிஜி முதலான தீவுகளிலும் பலன் கிடைத்தது.

அது எப்படி வேலை செய்தது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வைரஸ் பிடித்த புழு இறக்கிறது. பிடித்த வண்டு உடனே சாவதில்லை. தின்பதைக் குறைக்கிறது, முட்டையிடுவதை நிறுத்துகிறது, ஆனால் பறக்கிறது. பறந்துபோய் இன்னொரு அழுகிய தண்டில் இறங்கி அங்கே தன் கழிவோடு வைரஸை விட்டுவிடுகிறது. மனிதர் தேடிக் கண்டுபிடிக்க முடியாத தொட்டில்களை வண்டே கண்டுபிடித்துப் போய் நோயைப் பரப்புகிறது. இரண்டு முகவரிகளுக்கும் நடுவே இருந்த அதே போக்குவரத்து இந்த முறை வண்டுக்கு எதிராகத் திரும்பியது. பச்சை மஸ்கார்டின் எனப்படும் மெட்டாரைசியம் பூஞ்சையையும் இதே காரணத்துக்காகப் புழு வளரும் குவியலில்தான் கலக்கிறார்கள். உச்சியில் தெளித்துப் பயனில்லை. இனக்கவர்ச்சிப் பொறி வண்டைப் பிடிக்கும், ஆனால் எங்கே எவ்வளவு வண்டு இருக்கிறது என்று அறியத்தான் அது அதிகம் உதவுகிறது.

நடந்தது என்ன: ஆஸ்திரேலியா

ஆஸ்திரேலியாவில் சாண வண்டே இல்லை என்று சொல்வது தவறு. நூற்றுக்கணக்கான உள்ளூர் இனங்கள் உண்டு. ஆனால் அவை கங்காரு போன்ற பைப்பாலூட்டிகளின் சிறிய, காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. 1788-இல் குடியேறிகளோடு மாடு வந்தது. மாட்டுச் சாணம் ஈரமானது, பெரியது. உள்ளூர் வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஒரு மாடு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை சாணம் போடும். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். சுற்றிலும் முளைக்கும் புல்லை மாடு தொடாது. ஈரமாக இருக்கும்வரை புதர் ஈயும் எருமை ஈயும் அதில் பெருகும்.

ஹங்கேரியில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிஸ்ஸா இதைப் பார்த்து வியந்தார். தன் நாட்டு மேய்ச்சல் நிலத்தில் சாணம் இப்படிக் கிடந்து அவர் பார்த்ததில்லை. அவர் முன்வைத்த யோசனையே பிறகு ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தின் திட்டமாகி 1965 முதல் 1985 வரை நடந்தது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஓர் ஆய்வுப் பிரிவு அமைத்து வண்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கோமாரி போன்ற கால்நடை நோய் ஏதும் கூடவே வந்துவிடக் கூடாது என்ற பயம் இருந்தது. அதனால் வண்டைக் கொண்டுபோகாமல் முட்டையை மட்டும் உருண்டையிலிருந்து எடுத்து, ஃபார்மலினில் கழுவி அனுப்பி, ஆஸ்திரேலியாவில் கையால் செய்த சாண உருண்டைக்குள் ஒவ்வொன்றாக வைத்து வளர்த்தார்கள். தாய் வண்டு செய்யும் வேலையை மனிதக் கை செய்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

பிரதான நிலப்பரப்பில் 43 இனங்களை விட்டார்கள், 23 நிலைத்தன. முதலில் போனவற்றில் கஸெல்லாவும் ஒன்று. வடக்கிலும் கிழக்கிலும் வேகமாகப் பரவியது. நிறைய வண்டு இறங்கினால் ஒரு சாணம் ஓரிரு நாளில் காலியாகிறது. வண்டின் உடலில் ஒட்டிக்கொண்டு சவாரி செய்யும் சிறு உண்ணிகளும் சாணத்தில் இறங்கி ஈ முட்டையைத் தின்கின்றன. பல பகுதிகளில் புதர் ஈ குறைந்தது. எருமை ஈ அந்த அளவுக்கு அடங்கவில்லை, இன்றும் அது தொல்லைதான். கஸெல்லா கோடையில் சுறுசுறுப்பானது, குளிரில் ஓய்ந்துவிடும். அதனால் தெற்கில் வசந்தகாலத்துச் சாணம் அப்படியே கிடந்தது. அந்த இடைவெளியை அடைக்க 2012-க்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வேறு இரண்டு இனங்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

துணிந்து விட்டதற்கு அடிப்படை என்ன?

இதே குவீன்ஸ்லாந்தில் 1935-இல் கரும்பு வண்டை ஒழிக்க என்று கரும்புத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டை ஒழிக்கவில்லை, கண்டதையெல்லாம் தின்று பெருந்தொல்லையானது. பிற்பாடு சாணத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, வந்து இறங்கும் சாண வண்டையும் விழுங்கியது. இவ்வளவு கசப்பான அனுபவத்துக்குப் பிறகு ஒரு வெளிநாட்டுப் பூச்சியை விட எப்படித் துணிந்தார்கள்?

பதில் வாயிலும் தொட்டிலிலும் இருக்கிறது. கஸெல்லாவுக்கு ஒரே முகவரி. வளர்ந்தது குடிப்பதும் சாணம், புழு மெல்லுவதும் சாணம். பயிரைக் கடிக்கும் தாடை வளர்ந்த வண்டுக்கு இல்லை. தாடை உள்ள புழுவோ மண்ணுக்கடியில் மூடிய உருண்டைக்குள் இருக்கிறது. சாணம் இல்லாவிட்டால் வண்டு இல்லை. காண்டாமிருக வண்டின் உணவுப் பட்டியலோ அதன் வாழ்வின் நடுவில் மாறுகிறது. புழுவை மட்டும் பார்த்தவர் அதை மக்கு செய்யும் நல்ல பூச்சி என்று எழுதியிருப்பார், அது பொய்யும் அல்ல. எந்தப் பூச்சியையும் எங்கேயும் கொண்டுபோகும் முன் எல்லாப் பருவத்தின் உணவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒரே முகவரி என்பதில் ஆபத்தும் உண்டு. மாட்டுக்குக் குடற்புழு நீக்க ஐவர்மெக்டின் கொடுத்தால் மருந்தின் ஒரு பகுதி சாணத்தோடு வெளியேறுகிறது. தாய் வண்டு அதே சாணத்தை உருண்டையாக்குகிறது, உள்ளே இருக்கும் புழுவுக்கு வேறு போக்கிடம் இல்லை, வளராமல் சாகிறது. வெளியே பார்த்தால் வண்டு பறந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த தலைமுறை குறைந்த பிறகுதான் தெரியவரும். வண்டு நடமாட்டம் மிகுந்த காலத்தைத் தவிர்த்து மருந்து கொடுப்பது, மந்தை முழுவதற்கும் கொடுக்காமல் தேவையான மாட்டுக்கு மட்டும் கொடுப்பது இரண்டும் உதவும்.

குவாம்

2007-இல் காண்டாமிருக வண்டு பசிபிக்கில் உள்ள குவாம் தீவில் தென்பட்டது. 2013-இல் ஹவாய், 2015-இல் சாலமன் தீவுகள். நாற்பது வருடம் கைகொடுத்த வைரஸ் இங்கே எதிர்பார்த்தபடி பிடிக்கவில்லை. மரபணு அளவில் வேறுபட்ட வகை இது, குவாம் வகை என்றே பெயராகிவிட்டது. 2015 மே மாதம் டால்ஃபின் புயல் அந்தத் தீவைத் தாக்கி ஏராளமான மரங்களைச் சாய்த்தது. சாய்ந்தவை அழுகின. தொட்டில் தீவு முழுக்கப் பரவியது, அடுத்து வந்த வண்டுக்கூட்டம் நின்ற மரங்களைத் தாக்கியது.

குவாமில் இன்னொன்றும் நடந்தது. உயிரோடு நிற்கும் தென்னையின் உச்சியிலேயே, மட்டை இடுக்கில் சேர்ந்து மக்கிய சக்கையிலும் குப்பையிலும் புழுக்களைக் கண்டார்கள். கீழே இருந்த தொட்டில் மேலே ஏறிவிட்டது. தரையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்தப் புழு தப்பித்துக்கொள்ளும். இந்த வகையைக் கொல்லும் வைரஸ் வகையைத் தேடும் வேலை பசிபிக் நாடுகளில் நடக்கிறது. அதுவரை, வெட்டுப்பட்ட ஓலையைக் கண்டு மரமேறுபவர் துளையைப் பார்த்ததோடு இறங்கிவிடக் கூடாது. மட்டை இடுக்கிலும் கைவிட்டு, மக்கிய சக்கையை அள்ளி, புழு இருக்கிறதா என்று துழாவிப் பார்க்க வேண்டும்.